பச்சை முக்கோணத்தை அணைக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் கம்ப்யூட்டர் பக்கத்தில் ஓரமாகக் கட்டம் கட்டி ஒரு குறிப்பு போட்டிருந்தீர்கள். எக்செல் ஷீட்டில் செல்லின் மூலையில் பச்சை முக்கோணம் வந்து தொல்லை தருகிறதா, பைல் மெனுவில் ஆப்ஷன்ஸ் போய், ஃபார்முலாஸ் பகுதியில் 'எனேபிள் பேக்ரவுண்ட் எர்ரர் செக்கிங்' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள், ஷீட் பளிச்சென்று ஆகிவிடும் என்று. எங்கள் ஆபீஸ் தம்பி அதைப் படித்துவிட்டு அப்படியே செய்தான். ஷீட் பளிச்சென்றுதான் ஆனது. சனிக்கிழமை சாயங்காலம் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் பெண்கள் 14 பேருக்கு ஓவர்டைம் காசு வரவில்லை.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறவள். இங்கே வாரச் சம்பளம், சனிக்கிழமை பட்டுவாடா. டைலர், கைமடி, செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஆளுக்கொரு ரேட், சிலருக்கு ஷிப்ட் கணக்கு, சிலருக்கு பீஸ் கணக்கு, வெள்ளிக்கிழமை ராத்திரி எல்லாம் ஒரே எக்செல் பைலில் வந்து விழும். டாலியில் ஏற்றுவது அதற்கு அப்புறம்தான். பெரிய கம்பெனிகளில் இதற்கென்றே சாஃப்ட்வேர் வைத்திருப்பார்கள், எங்களைப் போன்ற இடங்களில் எக்செல்தான் சம்பளம் போடுகிறது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

என்ன நடந்தது என்றால், ஓவர்டைம் தொகையை விரல்ரேகை மெஷினின் பைலிலிருந்து காப்பி செய்து எங்கள் ஷீட்டில் ஒட்டினான் தம்பி. அந்த பைலில் எண்கள் எண்களாக இல்லை, எழுத்தாக இருந்தன. பார்க்க 810 என்றுதான் தெரியும், எக்செல்லுக்கு அது 'அஆஇ' மாதிரி ஒரு எழுத்துச் சரம். மொத்தம் கூட்டும் 'சம்' ஃபார்முலா எழுத்தாக இருக்கும் செல்லைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும், எர்ரர்கூடக் காட்டாது. இதில் வேடிக்கை, கூட்டல் குறி போட்டு இரண்டு செல்லைக் கூட்டினால் அதே எழுத்து எண்ணாக மாறிச் சரியாகக் கூடும், சம் போட்டால் மட்டும் விட்டுவிடும். அதனால் ஒரு நெடுவரிசையில் (எக்செல்லில் 'காலம்') சரியாக வருகிறது, பக்கத்துக் காலத்தில் வரவில்லை, நாம் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தக் காலம் முழுக்க "இது எழுத்தாக இருக்கிற எண்" என்று பச்சை முக்கோணம் வரிசையாக நின்றிருக்கும். தம்பிதான் வியாழக்கிழமையே எல்லாவற்றையும் அணைத்துவிட்டானே.

வயதில் மூத்த ஒரு அக்கா கவரைப் பிரித்து எண்ணிப் பார்த்துவிட்டு நேராக என் மேஜைக்கு வந்தார். "ஏன் அம்மணி, நாலு நாள் ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் நின்னது கணக்குல வரலீங்களா?" என்று கேட்டார். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, அவர் நிதானமாகக் கேட்டது எனக்கு ரொம்ப நேரம் உறுத்திக்கொண்டே இருந்தது. 14 பேருக்கும் சேர்த்து 11,340 ரூபாய். திங்கட்கிழமை காலையில் கொடுத்துவிட்டோம். ஆனால் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு அந்தக் காசு இல்லாமல் போனது போனதுதான்.

இதில் உங்கள் குறிப்பை எழுதியவர் மேல் பழி போட நான் வரவில்லை. பார்க்காமல் விட்டது நான். ஆனால் அந்தக் குறிப்பு சொன்னது தவறு என்பதையும், எப்படி எழுதியிருக்க வேண்டும் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முதலில், அந்த டிக் நாம் திறந்திருக்கும் பைலுக்கு மட்டும் உரியது கிடையாது. அந்தக் கம்ப்யூட்டரில் திறக்கும் எல்லா எக்செல் பைலுக்கும் சேர்த்து அணைந்துவிடும். அடுத்து, பச்சை முக்கோணம் ஒன்று போலத் தெரிந்தாலும் அது சொல்கிற சேதி ஒன்பது பத்து வகை. எண் எழுத்தாக இருக்கிறது என்பது ஒன்று. சுற்றியுள்ள ஃபார்முலாக்கள் ஒரு மாதிரி இருக்க இது மட்டும் வேறு மாதிரி இருக்கிறது என்பது இன்னொன்று. பக்கத்தில் எண்கள் இருந்தும் கூட்டலில் சேர்க்காமல் விட்டிருக்கிறாய் என்பது மற்றொன்று. ஆப்ஷன்ஸில் அதே இடத்தில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டிக் இருக்கிறது. வேண்டாததை மட்டும் எடுக்கலாம், மொத்தமாக அணைக்க வேண்டிய தேவையே வராது.

தொல்லை என்பதும் பொய்யில்லை, ஒப்புக்கொள்கிறேன். பேங்க் அக்கவுண்ட் நம்பர் காலத்தை எழுத்தாகத்தான் வைத்தாக வேண்டும், இல்லையென்றால் முன்னால் உள்ள பூஜ்யம் பறந்துவிடும், 15 இலக்கத்துக்கு மேல் போனால் கடைசி இலக்கங்களைப் பூஜ்யமாக்கிவிடும். 12 இலக்க ஆதார் எண்ணைச் சும்மா அடித்தால் 1.23-க்குப் பக்கத்தில் ஒரு 'ஈ' போட்டுச் சுருக்கிக் காட்டும். எழுத்தாக வைத்தால் காலம் முழுக்கப் பச்சைப் பொட்டு. இதற்கு வழி, அந்தக் காலத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் வரும் மஞ்சள் ஆச்சரியக்குறியை அமுக்கி 'இக்னோர் எர்ரர்' கொடுப்பது. அது அந்த செல்களுக்கு மட்டும் வாயை மூடும், மற்ற இடத்தில் வேலை செய்துகொண்டே இருக்கும். அதே ஆச்சரியக்குறியில் 'கன்வெர்ட் டு நம்பர்' என்றும் இருக்கிறது, எங்கள் ஓவர்டைம் காலத்துக்கு அன்று அந்த ஒரு கிளிக் போதும். (செல் ஃபார்மேட்டை நம்பர் என்று மாற்றினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆகாது, எழுத்து எழுத்தாகவேதான் இருக்கும்.) வேறு ஒருவர் பார்த்த பைல் உங்கள் கைக்கு வந்தால், முதல் வேலையாக ஆப்ஷன்ஸில் 'ரீசெட் இக்னோர்டு எர்ரர்ஸ்' அமுக்குங்கள். போனவர் எதையெல்லாம் வாயடைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று வரிசையாகத் தெரியும்.

அப்புறம் இன்னொரு சின்ன விஷயம். எக்செல் தானாக எண்ணை வலது பக்கமும் எழுத்தை இடது பக்கமும் ஒதுக்கும். அழகுக்காக எல்லாவற்றையும் நடுவில் கொண்டுவந்து வைக்கிற பழக்கம் நம் ஊரில் ரொம்ப. அதைச் செய்யாமல் இருந்தாலே பாதிப் பிழை கண்ணுக்கே தெரியும்.

இனி பூட்டு விஷயம், அதாவது ஃபார்முலா உள்ள செல்லை யாரும் மாற்ற முடியாமல் வைப்பது. உங்கள் குறிப்பு இதைத் தொடவே இல்லை, எனக்கோ இதுதான் பெரிது. நான் பார்த்த பைல்களில் பெரும்பாலும் ஃபார்முலாவைத் திறந்த வீடாகப் போட்டுவிட்டு எச்சரிக்கையை மட்டும் அணைத்து வைத்திருக்கிறார்கள். தலைகீழாக இருக்க வேண்டியது.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு சூப்பர்வைசர், சில்லறை இல்லை என்று ஒரு கைமடிப் பெண்ணின் நிகரச் சம்பளச் செல்லில் நேராக 2,450 என்று அடித்துவிட்டார். அங்கே இருந்த ஃபார்முலா போய்விட்டது. நாங்கள் ஒவ்வொரு வாரமும் போன வார ஷீட்டைக் காப்பி எடுத்துத்தான் புது வாரம் தொடங்குவோம், அதனால் அந்த 2,450 அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று நகர்ந்துகொண்டே போனது. ஒன்றரை ஷிப்ட் பார்த்த வாரமும் 2,450, மூன்று நாள் மட்டும் வந்த வாரமும் 2,450. ஐந்தாவது வாரம் அந்தப் பெண்ணே வந்து, அக்கா இந்த வாரம் எனக்கு அதிகமாக வந்திருக்கு என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. முந்தின வாரங்களில் குறைவாக வந்ததைச் சொல்லத் தயங்கியிருக்கிறார், அதிகமாக வந்ததைத் தயங்காமல் சொன்னார்.

இந்த மாதிரித் தவறுக்குப் பச்சை முக்கோணம் வராது என்பதைக் கவனிக்க வேண்டும். சாதாரண ஷீட்டில் ஃபார்முலா மேல் ஒரு எண்ணை அடித்தால், அது நியாயமான எண் என்றுதான் எக்செல் நினைக்கும். கண்ட்ரோல் டி (Ctrl+T) போட்டு டேபிளாக மாற்றி வைத்திருந்தால் மட்டும், இந்தக் காலத்தில் எல்லாம் ஃபார்முலா, இது மட்டும் எண் என்று காட்டிக்கொடுக்கும். ஆனால் ஷீட்டைப் பூட்டினால் டேபிள் தானாகக் கீழே நீளாது, புது ஆள் சேரும்போது மல்லுக்கட்ட வேண்டும். எனக்கு டேபிளைவிடப் பூட்டுதான் ஒத்துவருகிறது.

பூட்டுவது எப்படி என்று கேட்டால் பலரும் ரிவ்யூ மெனுவில் 'புரொடெக்ட் ஷீட்' என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். அதை மட்டும் செய்தால் ஷீட் முழுக்க இறுகிவிடும், வருகை நாளைக்கூட அடிக்க முடியாது, உடனே கோபத்தில் பூட்டை எடுத்துவிடுவார்கள், அதோடு முடிந்தது கதை. காரணம், எக்செல்லில் எல்லா செல்லும் பிறக்கும்போதே 'லாக்டு' என்ற டிக்கோடுதான் பிறக்கிறது, ஷீட்டைப் பூட்டும்வரை அந்த டிக் தூங்கிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஆகவே முதலில் கண்ட்ரோல் ஏ போட்டு மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் 1 அமுக்கி, புரொடெக்‌ஷன் பகுதியில் லாக்டு டிக்கை எடுக்க வேண்டும். எடுத்த மறுகணம் ஃபார்முலா உள்ள செல் எல்லாவற்றிலும் பச்சை முக்கோணம் பூத்துவிடும். பயப்பட வேண்டாம். "இங்கே ஃபார்முலா இருக்கிறது, பூட்டவில்லை" என்று நமக்கு நினைவூட்டுகிறது. இதற்கும் தனி விதி இருக்கிறது, தானாகவே இயக்கத்தில் இருக்கும். அடுத்து எஃப் 5, அதில் 'ஸ்பெஷல்', அதில் 'ஃபார்முலாஸ்' கொடுத்தால் ஃபார்முலா செல்கள் மட்டும் மொத்தமாகத் தேர்வாகும். மறுபடி கண்ட்ரோல் 1, லாக்டு டிக் போட வேண்டும். முளைத்த முக்கோணங்கள் மறைந்துவிடும். எங்காவது ஒன்று மிச்சம் நின்றால் அது வேறு பிரச்சினை, போய்ப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் புரொடெக்ட் ஷீட்.

அந்தப் பெட்டியில் எதையெதை அனுமதிக்கலாம் என்று நீளமாக ஒரு பட்டியல் வரும், யாரும் படிப்பதில்லை. 'ஃபார்மேட் காலம்ஸ்' டிக்கை மறக்காமல் போடுங்கள். தொகை பெரிதாகி, காலம் அகலம் போதாமல் #### என்று கம்பி வேலி மாதிரி வந்து நிற்கும்போது, இழுத்து அகலப்படுத்தக்கூட முடியாமல் பூட்டு தடுக்கும். அந்த வேலி பிழையே கிடையாது, இடம் போதவில்லை என்று அர்த்தம், ஆனால் அதைப் பார்த்துப் பதறி ஃபார்முலாவை அழித்தவர்களை எனக்குத் தெரியும். பூட்டினால் ஒரு சௌகரியமும் உண்டு, டேப் கீயை அமுக்க அமுக்கப் பூட்டாத செல்லுக்கு மட்டும் தாவித் தாவிப் போகும், அடிக்கிற வேகமே கூடிவிடும். எங்கள் தம்பிக்குப் பூட்டு பிடித்துப்போனதே இதனால்தான்.

கூகுள் ஷீட்ஸில் டேட்டா மெனுவில் ஷீட்டையும் ரேஞ்சையும் பாதுகாக்க வழி இருக்கிறது, இன்னார் மட்டும் தொடலாம் என்று வைக்கலாம், அல்லது யார் தொட்டாலும் ஒரு எச்சரிக்கை மட்டும் காட்டச் சொல்லலாம். நாலைந்து பேர் ஒரே பைலில் வேலை பார்க்கிற இடத்துக்கு இந்த இரண்டாவது வழியே பல நேரம் போதும்.

சரி, பூட்டிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாமா என்றால் அதுவும் இல்லை. ஒருவருடைய அட்வான்ஸ் தொகையைத் தெரியாமல் மேல் வரியில் அடித்துவிட்டு, அதை மவுஸால் இழுத்துக் கீழ் வரியில் விடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் பூட்டாத செல்தான், எக்செல் தடுக்காது. ஆனால் இழுத்துப் போனால் ஃபார்முலாவும் அதன் பின்னாலேயே போகும். கீழ் வரிக்காரரின் சம்பளத்தில் #-க்குப் பக்கத்தில் 'ரெஃப்' என்று எர்ரர் விழும், அது கண்ணில் படும், சரிசெய்துவிடுவோம். மேல் வரிக்காரரின் ஃபார்முலா சத்தமில்லாமல் கீழ் வரியைக் காட்ட ஆரம்பித்துவிடும், இன்னொருவர் வாங்கிய அட்வான்ஸ் இவர் சம்பளத்தில் பிடித்தமாகும். அங்கே எந்த எர்ரரும் வராது. அதனால் எங்கள் ஆபீஸில் இழுக்கவும் கூடாது, கட் செய்யவும் கூடாது, காப்பி செய்து மதிப்பை மட்டும் ஒட்டிவிட்டுப் பழையதை அழிக்க வேண்டும் என்று மானிட்டரில் சீட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். ரெஃப் வந்தால் மேலும் கீழும் உள்ள வரிகளையும் பார்க்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறது.

இங்கேதான் 'இஃப் எர்ரர்' என்ற ஃபார்முலாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2007 எக்செல்லில் வந்தது. எந்த எர்ரர் வந்தாலும் அதற்குப் பதிலாக நாம் சொல்வதைக் காட்டும். கம்ப்யூட்டர் சென்டர்களில் இதை ஏதோ சர்வரோக நிவாரணி போலச் சொல்லிக்கொடுக்கிறார்கள், எல்லாவற்றையும் சுற்றி இஃப் எர்ரர் போட்டுக் கடைசியில் பூஜ்யம் வை, ஷீட் சுத்தமாகிவிடும் என்று. பீஸ் ரேட்டை ஸ்டைல் நம்பர் வைத்து வீ லுக்கப் என்ற தேடி எடுக்கும் ஃபார்முலா மூலம் எடுக்கிறோம். புது ஸ்டைலுக்கு ரேட் ஏற்ற மறந்திருந்தால், தேடியது கிடைக்கவில்லை என்று சொல்லும் 'என்ஏ' எர்ரர் வர வேண்டும். அதைப் பூஜ்யமாக்கி வைத்தால் அன்று அந்த டைலர் தைத்த உருப்படிகளுக்கு ரேட் பூஜ்யம், கூலி பூஜ்யம், மொத்தம் மட்டும் அழகாகக் கூடிக்கொண்டு நிற்கும். நான் என்ஏ-வை அப்படியே விட்டுவிடுகிறேன். அது கீழே மொத்தம் வரைக்கும் பரவி எல்லாவற்றையும் கெடுத்து வைக்கும், ரேட் ஏற்றாமல் சம்பளம் போடவே முடியாது. எனக்கு வேண்டியதும் அதுதான். கண்டிப்பாக ஏதாவது போட வேண்டுமென்றால் 2013-இல் வந்த 'இஃப் என்ஏ' போடலாம், அது தேடியது கிடைக்காததை மட்டும் பிடிக்கும், ரெஃப், வேல்யூ போன்ற மற்ற எர்ரர்களை மூடி மறைக்காது.

பிரிண்ட் எடுத்தால் அசிங்கமாக இருக்கிறது என்று முதலாளி ஒருமுறை சொன்னார். பேஜ் செட்டப்பில் ஷீட் என்ற பகுதியில், எர்ரர் உள்ள செல்லைப் பேப்பரில் வெற்றிடமாகவோ இரட்டைக் கோடாகவோ அச்சிடச் சொல்ல வழி இருக்கிறது. நான் கோடு வைத்திருக்கிறேன். பேப்பரில் கோடு, திரையில் எர்ரர், இரண்டு பேருக்கும் திருப்தி.

பாஸ்வேர்ட் பற்றிக் கேட்பீர்கள். நான் வைப்பதில்லை. ஷீட் பூட்டு என்பது ஆடு மாடு புகாமல் சாத்தி வைக்கும் படல் மாதிரி, திருடனுக்கு வைக்கும் இரும்புக் கதவு கிடையாது. அது பாதுகாப்பு அம்சமாக உருவாக்கப்படவில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது, கொஞ்சம் விவரம் தெரிந்தவர் சில நிமிடங்களில் எடுத்துவிடுவார். சம்பள விவரம் வெளியே போகக் கூடாது என்றால் பைல் திறக்கவே பாஸ்வேர்ட் கேட்கிற மாதிரி என்கிரிப்ட் செய்ய வேண்டும், அது வேறு, அதை மறந்தால் மைக்ரோசாஃப்டாலும் மீட்டுத்தர முடியாது, முதலாளியின் டைரியில் எழுதி வைப்பது நல்லது. ஃபார்முலாவைக் காட்டாமல் மறைக்கும் 'ஹிட்டன்' டிக்கையும் நான் தொடுவதில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் பாஸ்வேர்டும் போட்டு, ஹிட்டனும் போட்டு, வேலையை விட்டும் போய்விட்டார். ஈஎஸ்ஐ பிடித்தம் 0.75 சதவீதம், அடுத்த முழு ரூபாய்க்கு ஏற்ற வேண்டும், அவர் என்ன போட்டிருந்தார், ஏற்றியிருந்தாரா இறக்கியிருந்தாரா என்று பார்க்கவே முடியவில்லை. கடைசியில் மொத்த பைலையும் நான் முதலிலிருந்து போட்டேன்.

பூட்டலாம், மறைக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு இன்னொரு காரணம், அமெரிக்காவில் நடந்த ஒன்று. கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரண்டு பெரிய பொருளாதார அறிஞர்கள் 2010-இல் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். நாட்டின் கடன் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சராசரியாக மைனஸ் 0.1 சதவீதமாகிவிடும் என்று அதில் வந்தது. செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதிட்ட அரசியல்வாதிகள் பலர் அதைக் கையில் தூக்கிக்கொண்டு பேசினார்கள். தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவர், வகுப்பு வேலைக்காக அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்து வராமல், அவர்களிடமே ஷீட்டைக் கேட்டார், அவர்களும் அனுப்பினார்கள். சராசரி ஃபார்முலா 20 நாடுகளில் 15-ஐ மட்டும் எடுத்திருந்தது, ஆஸ்திரேலியா முதல் டென்மார்க் வரை அகரவரிசையில் முதல் 5 நாடுகள் விட்டுப் போயிருந்தன. 2013-இல் திருத்திப் போட்ட கணக்கில் பிளஸ் 2.2 சதவீதம் வந்தது. இவ்வளவு வித்தியாசத்துக்கும் எக்செல் மட்டும் காரணம் கிடையாது, அதன் பங்கு சிறிதுதான், எந்தத் தரவைச் சேர்த்தார்கள், எப்படி எடை போட்டார்கள் என்பதில்தான் பெரிய சண்டை. ஆனாலும் ஃபார்முலாவை இன்னொருவர் திறந்து பார்க்க முடிந்ததால்தான் அந்தத் தவறு வெளியே வந்தது.

கடிதம் நீண்டுவிட்டது, வெட்டிப் போட்டாலும் வருத்தமில்லை. ஒன்றை மட்டும் வெட்டாதீர்கள். உங்கள் குறிப்பைப் படித்து அணைத்தவர்கள் இந்த ஊரிலேயே இன்னும் எத்தனை பேர் இருப்பார்களோ. அதே பக்கத்தில், அதே கட்டத்துக்குள், பைல், ஆப்ஷன்ஸ், ஃபார்முலாஸ், எனேபிள் பேக்ரவுண்ட் எர்ரர் செக்கிங், டிக்கைத் திரும்பப் போடுங்கள் என்று இரண்டு வரி வந்தால் போதும். முடிந்தால் வெள்ளிக்கிழமை பேப்பரிலேயே போடுங்கள், மறுநாள் சம்பளம்.

இப்படிக்கு,
பனியன் கம்பெனிக் கணக்காளர் ஒருவர்,
திருப்பூர்.